மெட்ராஸில் வாழ்ந்த கிரேக்க இளவரசி



நம் பகுதியில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்ப்பது இப்போது யாருக்கும் புதிதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வந்த கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் என்று தினம் யாராவது கண்ணில் படுகிறார்கள். காய்கறிக் கடையில் நமக்கு முன்னால் நின்று கத்திரிக்காய் பொறுக்குகிறார்கள். அவர்கள் வருவது சம்பளத்துக்கு. ஆனால் ஐம்பது வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவிலிருந்து ஒரு ராணியும் அவர் மகள் இளவரசியும் மெட்ராஸுக்கு வந்து, வருடக்கணக்கில் தங்கிப் படித்தார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வந்தது சுற்றுலாவுக்கும் இல்லை, அரசு விருந்தாளியாகவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தத்துவத் துறையில் அத்வைதம் கற்கத்தான் வந்தார்கள்.

ராணியின் பெயர் பிரெடரிகா. மகள் பெயர் ஐரீன். ராணியைப் பற்றி அந்தக் காலப் பத்திரிகைகள் நிறையவே எழுதியிருக்கின்றன. மகளைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. இந்த இதழில் அந்த மகளின் கதையைச் சொல்லப் பார்க்கிறேன். சொந்தபந்தம் கொஞ்சம் சிக்கலானது. நிதானமாகப் படியுங்கள். புரியாவிட்டால் மாலை நடையில் என்னைப் பிடித்துக் கேளுங்கள், ஒரு முழுத்தாளில் வரைந்தே வைத்திருக்கிறேன்.

ஐரீன் என்ற கிரேக்கப் பெயருக்கு அமைதி என்று பொருள். அந்தப் பெயர் வைக்கப்பட்ட நேரத்தைப் பாருங்கள். 1941 ஏப்ரலில் ஹிட்லரின் படை கிரேக்கத்துக்குள் நுழைந்தது. அரச குடும்பம் கிரீட் தீவுக்கு ஓடி, அங்கிருந்து எகிப்து போய், கடைசியில் தென்னாப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்தது. 1942 மே 11 அன்று கேப் டவுனில் ஐரீன் பிறந்தார். அக்கா சோஃபியாவுக்கு அப்போது மூன்று வயது, அண்ணன் கான்ஸ்டன்டைனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. சொந்த நாட்டு மண்ணை மிதிக்காமலேயே ஒரு இளவரசி.

ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ். இந்தப் பெயரை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். காந்திஜி அங்கே சத்தியாக்கிரகம் நடத்தியபோது அரசாங்கத் தரப்பில் அவரோடு மோதியவரும், கடைசியில் 1914-ல் ஒப்பந்தம் செய்துகொண்டவரும் இவர்தான். நம் தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், வெளியே வந்த சில நாட்களில் உயிரை விட்டது அந்தப் போராட்டத்தில்தான். காந்திஜி சிறையில் தன் கையால் தைத்த செருப்பை இந்த ஸ்மட்ஸுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். இளவரசிக்கும் இந்தியாவுக்கும் தொட்டும் தொடாமலும் ஒரு முடிச்சு தொட்டிலிலேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய முழுப் பட்டம் 'கிரேக்கம் மற்றும் டென்மார்க்கின் இளவரசி'. வெயில் காயும் கிரேக்கம் எங்கே, பனி உறையும் டென்மார்க் எங்கே என்று கேட்பீர்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது: டெபுடேஷன்! 1863-ல் கிரேக்கர்கள் தங்களுக்கு ஒத்துவராத ஒரு ஜெர்மன் ராஜாவை அனுப்பிவிட்டு வேறு ராஜா தேடினார்கள். டென்மார்க் அரச குடும்பத்திலிருந்து 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்துக் கொண்டுவந்து, முதலாம் ஜார்ஜ் என்று பெயர் மாற்றி சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். ஐரீனுக்குக் கொள்ளுத்தாத்தா அவர். டெபுடேஷனில் போனவர்கள் தாய் அலுவலகத்து சீனியாரிட்டியை விடமாட்டார்கள் அல்லவா, அதுபோல டென்மார்க் பட்டத்தையும் கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டார்கள். அந்த முன்ஜாக்கிரதை பிற்பாடு கைகொடுத்தது. நாடு போன பிறகு ஐரீனின் அண்ணன் பயணம் செய்தது டென்மார்க் பாஸ்போர்ட்டில்.

அந்த டென்மார்க் பையனின் அப்பா ஒன்பதாம் கிறிஸ்டியன். அவருக்கு 'ஐரோப்பாவின் மாமனார்' என்றே பெயர். ஒரு மகளை இங்கிலாந்துக்கும் ஒரு மகளை ரஷ்யாவுக்கும் கொடுத்தார். மூன்றாவது மகள் தைரா ஜெர்மனியின் ஹானோவர் குடும்பத்துக்குப் போனார். இந்தத் தைராவின் பேத்திதான் நம் பிரெடரிகா.

இப்போது கல்யாணக் கதை. ஐரீனின் அப்பா பால், அம்மா பிரெடரிகா. 1938 ஜனவரியில் ஏதென்ஸில் திருமணம். இரண்டு பேரும் ஏற்கெனவே சொந்தம், அதுவும் இரண்டு வழியில். டென்மார்க் வழியாகப் பார்ப்போம். பாலின் அப்பாவுக்குத் தைரா சொந்த அத்தை. தைராவின் மகன் அவருக்கு அத்தை மகன், அதாவது மச்சான். மச்சானின் மகள் பிரெடரிகா. ஆக, பாலுக்கு அவர் முறைப்பெண். நம் ஊர்ப் பெரியவர்கள் தாராளமாகத் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள்.

ஜெர்மன் வழியில் வந்தால் கதையே வேறு. பிரெடரிகாவின் அம்மா விக்டோரியா லூயிஸ், முதல் உலகப் போர் நடத்திய ஜெர்மனியின் கைசர் இரண்டாம் வில்லியத்துக்கு ஒரே மகள். பாலின் அம்மா சோஃபியா, அதே கைசரின் தங்கை. அப்படியானால் பால் யார்? விக்டோரியா லூயிஸுக்கு அத்தை மகன். அம்மாவின் அத்தை மகன் நமக்கு என்ன முறை? சித்தப்பா முறை! கல்யாணப் பேச்சை எடுத்தாலே நம் வீட்டுப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரே ஜோடி, அப்பா வழியில் முறைப்பெண், அம்மா வழியில் மகள் முறை. ஐரோப்பாவில் இந்தக் கணக்கு கிடையாது, ராஜ ரத்தம் இருந்தால் சரி. இதோடு முடியவில்லை. 1946-ல் பிரெடரிகாவின் அண்ணனுக்குக் கிரேக்கக் குடும்பத்துப் பெண் ஒருவரைக் கட்டிக்கொடுத்தார்கள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பது. அப்படிப் போன சோஃபி யார் தெரியுமா? பிரிட்டன் எலிசபெத் ராணியின் கணவர் பிலிப்பின் உடன்பிறந்த அக்கா.

பிலிப்பும் கிரேக்க இளவரசராகப் பிறந்தவர்தான். பாலுக்குச் சித்தப்பா மகன். அப்போது ஐரீனுக்குப் பிலிப் சித்தப்பா ஆகிறார், இன்றைய மன்னர் சார்லஸ் தம்பி முறை. பிலிப்பின் தாய்மாமன் நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். உறவுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் இத்தனை சம்பந்தம் இருந்தும் கிரேக்க சிம்மாசனம் அந்தக் குடும்பத்தை நிம்மதியாக உட்கார விட்டதில்லை. கொள்ளுத்தாத்தா ஜார்ஜை 1913-ல் சுட்டுக் கொன்றார்கள். தாத்தா கான்ஸ்டன்டைன் இரண்டு முறை பதவி இழந்தார். ஒரு பெரியப்பா அலெக்சாண்டர், ராஜாவாக இருக்கும்போதே 1920-ல் குரங்கு கடித்து, காயம் சீழ் பிடித்து இறந்துபோனார். கோயில் குளத்துக்குப் போகும்போது குரங்கிடம் தேங்காய் நீட்டி விளையாடுகிறவர்கள் கவனிக்கவும். இன்னொரு பெரியப்பா இரண்டாம் ஜார்ஜ் நாடு விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாகவே வாழ்ந்து 1947-ல் காலமானார். அதன்பின் பால் மன்னரானார், ஐந்து வயது நிறையாத ஐரீன் மன்னர் மகளானார்.

ஐரீனின் இளம்பருவத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. ஒன்று, பியானோ. ஜீனா பக்காவர் என்ற பெயர்பெற்ற கலைஞரிடம் முறையாகக் கற்று, மேடைக் கச்சேரி செய்யும் அளவுக்கு வந்தார். இன்னொன்று, மண் தோண்டியது. அரண்மனைக்குப் பக்கத்தில் தெகெலியா என்ற பழைய ஊர் புதைந்து கிடந்தது. அக்காவும் தங்கையும் தங்கள் ஆசிரியையோடு அங்கே அகழாய்வு செய்து, பானை ஓடுகளைப் பொறுக்கி வரிசைப்படுத்திப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். ஐரீனுக்கு அப்போது 17, 18 வயது. கீழடியில் பானை ஓட்டைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருக்கும் மாணவிகளின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பெண்களின் ஞாபகம் வரும்.

1962-ல் அக்கா சோஃபியா ஸ்பெயின் இளவரசர் ஹுவான் கார்லோஸை மணந்தார். அந்தக் கல்யாணத்துக்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து சீதனம் கொடுக்க, கிரேக்க நாடாளுமன்றத்தில் பெரிய ரகளை. நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த மறு வருடம் இது. அப்போது ஹுவான் கார்லோஸுக்கே நாடு இல்லை. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. மாப்பிள்ளைக்கு வேலை நிச்சயமில்லை, பெண் வீட்டார் துணிந்து கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த மாப்பிள்ளை வீடுதான் குடும்பம் முழுவதற்கும் நிழலானது.

1964 மார்ச் 6 அன்று மன்னர் பால் புற்றுநோயால் இறந்தார். 23 வயது கான்ஸ்டன்டைன் மன்னரானார். அவருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அக்கா வேறு நாட்டுக்கு வாழப் போய்விட்டார். அடுத்த வாரிசு ஐரீன். 1965 ஜூலையில் அண்ணனுக்கு முதல் குழந்தை பிறக்கும்வரை, 16 மாதங்கள், கிரேக்க சிம்மாசனத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் நம் கதாநாயகி. அந்தப் பதினாறு மாதங்களைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொண்டதாக எங்கும் பார்த்ததில்லை.

இங்கே பிரெடரிகாவைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். நம் ஊரில் அவரை ஏதோ முற்றும் துறந்த ஞானி போலவே எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் பாதிப்பேர் அவர் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுவார்கள். ஜெர்மன் கைசரின் பேத்தி என்பதை ஜெர்மன் படையிடம் அடிபட்ட மக்கள் மறப்பார்களா? அரசியலில் தலையிடுகிறார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. 1963-ல் லண்டன் பயணம் வேண்டாம் என்று பிரதமர் கரமன்லிஸ் சொல்லியும் அரண்மனை கேட்கவில்லை, பிரதமர் ராஜினாமா செய்தார். கெட்டிக்காரப் பெண்மணி, நிறையப் படித்தவர், துணிச்சல்காரர், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர். இது என் கணிப்பு.

1967 ஏப்ரல் 21 அன்று ராணுவ கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மன்னர் முதலில் ஒத்துப்போனார். டிசம்பர் 13 அன்று எதிர்ப்புரட்சி செய்து பார்த்தார், ஒரே நாளில் பிசுபிசுத்தது. மனைவி, இரண்டு கைக்குழந்தைகள், அம்மா, தங்கை எல்லோரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு ரோமுக்குப் பறந்தார். ஐரீனுக்கு 25 வயது. அகதியாகப் பிறந்தவர், மறுபடி அகதி. 1973-ல் கர்னல்கள் மன்னராட்சியை ஒழித்தார்கள். கர்னல்களும் போன பிறகு, 1974 டிசம்பர் 8 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 69 பேர் மன்னர் வேண்டாம் என்றார்கள். வாக்கெடுப்பை நடத்திய பிரதமர், அதே பழைய கரமன்லிஸ்.

ராணுவம் துரத்தினால் ஒருநாள் திரும்பலாம் என்று காத்திருக்கலாம். மக்களே வேண்டாம் என்றால் எங்கே போவது? உறவுக்காரர்கள் அரண்மனை அரண்மனையாக இருக்கிறார்கள், லண்டன், கோபன்ஹேகன், மாட்ரிட். அம்மாவும் மகளும் எந்த உறவும் இல்லாத ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மெட்ராஸ்.

அதற்கு வித்து முன்பே விழுந்திருந்தது. பிரெடரிகாவுக்கு அணு இயற்பியலில் பெரிய ஈடுபாடு. விஞ்ஞானிகளைத் தேடிப்போய்ப் பேசுவார், பாடம் கேட்பார். பொருளைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி அவரைச் சங்கரரின் அத்வைதத்தில் கொண்டுவந்து விட்டது. இருப்பது ஒன்றே, பலவாகத் தெரிவது நம் பார்வை என்ற கொள்கை. 1966-ல், பதவியும் பரிவாரமும் இருந்த காலத்திலேயே, காளஹஸ்தியில் முகாமிட்டிருந்த காஞ்சி மகா பெரியவரை வந்து தரிசித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவ உயர் ஆய்வு மையத்தை அப்போது நடத்தியவர் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவன். அத்வைதத்தை ஆங்கிலத்தில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதல் வரிசை. அந்த மையத்துக்குப் பின்னாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரைச் சூட்டினார்கள். மகாதேவனிடம்தான் அம்மாவும் மகளும் மாணவிகளாக வந்து சேர்ந்தார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். சங்கரரின் அத்வைதத்தை வரிக்கு வரி மறுத்து, உலகமும் உயிர்களும் மெய்யே என்று வாதிட்ட ராமானுஜர் 1017-ல் அவதரித்த ஊர் நம் ஸ்ரீபெரும்புதூர். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடலாம். சங்கரர் பீடமோ இந்தப் பக்கம் காஞ்சிபுரத்தில். இரண்டுக்கும் நடுவில் நாம் அபார்ட்மெண்ட் வாங்கிக் குடியிருக்கிறோம், தண்ணீர் லாரி வந்ததா என்று கவலைப்பட்டுக்கொண்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மீது குண்டு வீசியது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே காலியானது. இன்றும் தமிழில் பலே ஆளை 'எம்டன்' என்கிறோம். உயர் நீதிமன்ற மதில் அருகே நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கப்பலை அனுப்பியது கைசர் வில்லியத்தின் கடற்படை. ஐரீனின் கொள்ளுத்தாத்தா அதே கைசர்! அவர் குண்டு விழுந்த அதே கடற்கரை நகரத்தில், பல்கலைக்கழகத்தில் கொள்ளுப்பேத்தி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய 60 வருட இடைவெளிதான்.

நம் வல்லக்கோட்டை முருகன் கோயில் தல புராணம் உங்களுக்குத் தெரியும். நாட்டை இழந்த பகீரத மன்னன், துர்வாசர் சொல்படி இங்கே வந்து முருகனை வழிபட்டு, இழந்ததைத் திரும்பப் பெற்றான் என்பார்கள். அதனால்தான் இன்றும் சொத்து வழக்குக்காரர்களும் வேலை போனவர்களும் இங்கே நேர்ந்துகொள்ள வருகிறார்கள். நாடு இழந்த இந்தக் கிரேக்கக் குடும்பமும் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் வந்தவர்கள் இழந்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. இழந்தது என்று ஒன்று உண்டா என்று கேட்கும் பாடத்தைப் படித்தார்கள். பிரெடரிகாவின் மனசில் நாடு திரும்பும் ஆசை சுத்தமாக அற்றுப்போனதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஐரீன் விஷயத்தில் அந்தச் சந்தேகம் வரவில்லை. முப்பது வயதுப் பெண், கச்சேரி மேடையும் ஐரோப்பிய நாகரிக வாழ்க்கையும் பழகியவர், கல்யாணம் செய்துகொள்ளாமல், மெட்ராஸ் வெயிலில் அம்மாவுக்குத் துணையாக இருந்தார். நம் வீடுகளில் இப்படி ஒரு மகள் இருப்பாள். எல்லோரும் அம்மாவைத்தான் விசாரிப்பார்கள், அவளை யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

1981 பிப்ரவரி 6. மாட்ரிட்டில் மகள் சோஃபியா வீட்டுக்கு வந்திருந்த பிரெடரிகாவுக்குக் கண் சம்பந்தப்பட்ட ஒரு சிறிய அறுவை சிகிச்சை. நடுவே மாரடைப்பு வந்து இறந்துபோனார். வயது 63. கணவர் அடக்கமாகியிருக்கும் தாதோய் தோட்டத்தில்தான் அவரையும் அடக்கம் செய்ய வேண்டும். தாதோய் இருப்பது கிரேக்கத்தில். பிள்ளைகள் கிரேக்கத்துக்குள் நுழைய முடியாத நிலை. அரசாங்கம் யோசித்து, சில மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. வந்து, அடக்கம் செய்துவிட்டு, அன்றே திரும்பிவிட வேண்டும். 13 வருடம் கழித்துச் சொந்த நாட்டில் கால் வைத்தவர் கான்ஸ்டன்டைன், பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியவில்லை. ராஜாவாகட்டும் யாராகட்டும், பெற்றவளுக்குச் செய்யும் காரியத்தைக் கடிகாரம் பார்த்துச் செய்யச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவர்கள் ஆட்சியில் கஷ்டப்பட்டவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அதற்கும் நியாயம் உண்டு.

அம்மா போன பின் ஐரீன் அக்காவோடு சேர்ந்துகொண்டார். ஹுவான் கார்லோஸ் 1975-லேயே ஸ்பெயின் மன்னராகிவிட்டார். மாட்ரிட்டுக்கு வெளியே உள்ள சர்சுவேலா அரண்மனையில் ஐரீனுக்கு ஒரு ஜாகை ஒதுக்கினார்கள். அக்கா பிள்ளைகள் மூவரும் வைத்த செல்லப் பெயர் 'பெக்கு'. விசித்திரமான ஆள் என்ற பொருள் தரும் ஸ்பானிஷ் சொல்லின் சுருக்கம். ஸ்பானிய மொழியில் சித்தி, அத்தை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். நம் கணக்கில் இந்தப் பிள்ளைகளுக்கு அவர் சித்தி, அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை. மரக்கறி உணவு, தியானம், இந்தியா என்று பேசும் சித்தி அந்தப் பிள்ளைகளுக்கு விசித்திரமாகத்தான் பட்டிருப்பார்.

1986-ல் 'ஒத்திசைந்த உலகம்' என்ற பொருள் தரும் பெயரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அதன் ஆரம்பக் கதையில் பசு வருகிறது. நான் வணிகவியல் படித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு பாலுக்கு விலை உத்தரவாதம் கொடுத்திருந்தது. எவ்வளவு கறந்தாலும் விலை நிச்சயம் என்றால் விவசாயி என்ன செய்வார், கறந்துகொண்டே இருப்பார். வெண்ணெயும் பால் பவுடரும் கிடங்குகளில் மலையாகக் குவிந்தன. அந்த உபரிப் பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் நன்கொடையாகப் பெற்று, விற்ற பணத்தை முதலாக்கித்தான் வர்கீஸ் குரியன் வெண்மைப் புரட்சியை நடத்தினார். அவர்கள் உபரி நம் மூலதனம் ஆனது. கடைசியில் ஐரோப்பா விழித்துக்கொண்டு 1984-ல் பாலுக்குக் கோட்டா போட்டது. கோட்டாவுக்கு மேல் கறந்தால் அபராதம். அதனால் கறவைப் பசுக்களை வெட்டுக்கு அனுப்பினார்கள்.

பாலுக்கு ஏங்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு, பால் அதிகமாகிவிட்டது என்பதற்காகப் பசுவைக் கொல்வது பொறுக்கவில்லை. அப்படி வெட்டுக்குப் போகவிருந்த பசுக்களை மீட்டு இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் ஐரோப்பியக் கறவை மாடு நம் வெயிலையும் உண்ணியையும் தாங்குவது எவ்வளவு சிரமம் என்று எங்கள் கிளையில் மாட்டுக் கடன் வாங்கிய எந்த விவசாயியும் சொல்லியிருப்பார். மாட்டை அனுப்பும் செலவில் இங்கேயே கலப்பினக் கிடேரிகள் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று என் கணக்குப் புத்தி கேட்கிறது. ஆனால் அவர் பார்த்தது கணக்கை அல்ல, அந்த மாட்டின் உயிரை.

சொத்து விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், பட்டா பிரச்சினை இல்லாத குடும்பம் உண்டா? 1994-ல் கிரேக்க அரசு ஒரு சட்டம் போட்டு, அரச குடும்பத்தின் நிலபுலன்கள் அனைத்தையும் நஷ்ட ஈடு இல்லாமல் எடுத்துக்கொண்டது. குடியுரிமையையும் பறித்தது. அண்ணன், தங்கை, அவர்களுடைய அத்தை கேத்தரின் உள்பட ஒன்பது பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000-ல் தீர்ப்பு: எடுத்தது தவறு. 2002-ல் தொகை முடிவானது: அண்ணனுக்கு 120 லட்சம் யூரோ, ஐரீனுக்கு 9 லட்சம், அத்தைக்கு 3 லட்சம். கேட்டதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். நிலம் திரும்பவில்லை. அரசன் தரப்பு தன் சொந்த நாட்டு அரசை எதிர்த்து, சாதாரணக் குடிமகனைப் போல மனித உரிமை கேட்டு வழக்காடியது என்பதுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

குடியுரிமை திரும்ப வேண்டும் என்றால் குடும்பப் பெயர் ஒன்றைப் போட்டு மனுக் கொடு என்றது அரசு. எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்றார் கான்ஸ்டன்டைன். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எத்தனை தமிழர்கள் என் கவுண்டரில் விழித்திருக்கிறார்கள்! அப்பா பெயரை எழுதுவதா, ஊர் பெயரை எழுதுவதா, இனிஷியல் போதுமா? பாஸ்போர்ட் ஒரு மாதிரி, பான் கார்டு ஒரு மாதிரி, ஆதார் இன்னொரு மாதிரி. நமக்கு இருக்கும் அதே தொல்லை ஒரு ராஜாவுக்கும் இருந்திருக்கிறது. அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை, 2023 ஜனவரியில் காலமானார். அடுத்த வருடம் டிசம்பரில் அவருடைய பிள்ளைகள் இறங்கிவந்து, 'கிரேக்கத்தின்' என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் குடும்பப் பெயராகப் போட்டுக் குடியுரிமையை வாங்கிக்கொண்டார்கள்.

ஐரீன் அதற்கு முன்பே வேறு வழியில் போய்விட்டார். 2018 மார்ச்சில், 76-ஐ நெருங்கும் வயதில், ஸ்பெயின் அரசு அவருக்குக் குடியுரிமை வழங்கியது. கேப் டவுனில் பிறந்து, எகிப்து, கிரேக்கம், ரோம், மெட்ராஸ், மாட்ரிட் என்று சுற்றியவருக்கு ஒருவழியாகச் சொல்லிக்கொள்ள ஒரு நாடு. அந்த நாட்டில் இதற்கான ஆணை மன்னர் பெயரில்தான் வரும். 2014 முதல் மன்னராக இருக்கும் ஆறாம் ஃபெலிப்பே அதில் கையெழுத்திட்டார். சித்திக்கு 'பெக்கு' என்று பெயர் வைத்த அக்கா பிள்ளைகளில் கடைக்குட்டி அவர்.